ஒன்பதாம் அறையில் ஏழு கோட்டைகள்

ஆகஸ்ட் 11, 1985

ஒன்பதாம் அறையின் சாவியை ஆணியிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை. அந்த அறையின் ஜன்னல் எதிர்க்கட்டடத்துச் சுவரைப் பார்க்கிறது. லாட்ஜுக்கு வருபவர்களுக்கு மலை தெரிய வேண்டும். எனக்குச் சுவர் போதும்.

மேசைமேல் ராஜமாணிக்கத்தின் பெட்டி. சென்னையில் என் விடுதி அறைத்தோழன். அமெரிக்கா போகிறான், சுமை கூடுகிறது என்று இதை என்னிடம் தள்ளிவிட்டான். உள்ளே, ஒரு பள்ளிக்கூட நோட்டு அளவில், கறுப்பாக, ரப்பர் பொத்தான்களோடு ஒரு கம்ப்யூட்டர். கூடவே ஒரு விளையாட்டு: ஒரு கேசட், மடித்த வரைபடம், தடித்த விதிப்புத்தகம். ஏழு கோட்டைகள், ஏழு அரசுகள். விதைப்பு, தானியம், கப்பம், படை, சமாதானம். எல்லாம் ஆங்கிலத்தில்.

“நான் மல்லாடிப் பாத்துட்டேன், ஓடலை. நீ தத்துவம் படிச்சவன். உனக்குப் பொறுமை ஜாஸ்தி” என்றான்.

பொறுமை இல்லை. வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அப்பா எட்டிப் பார்த்தார். “எம்.ஏ. படிச்சிட்டு பொம்மை வெச்சிக்கினு ஆடப்போறியா?”

கேள்வி நியாயமானது.

ஆகஸ்ட் 12

போளூரிலிருந்து ஆள் வந்துபோனார். அக்காவின் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து படுத்துவிட்டாராம். கார்த்திகைத் தீபத்துக்கு வரும்போது அக்காவை அழைத்துப் போவதாக அவள் கணவர் தருமன் மாமா சொல்லியனுப்பியிருக்கிறார். குழந்தை இல்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் இதே வாசலில் அவளைக் கொண்டுவந்து விட்ட அதே மாமா.

“தீபத்துக்கு வரட்டும், பேசிக்கலாம்” என்றார் அப்பா. வந்தவருக்கு இரண்டாவது முறை காபி வரவழைத்தார். அம்மா போன பிறகு அப்பாவின் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

அக்கா மொட்டைமாடியில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறோம்.

ஆகஸ்ட் 14

கம்ப்யூட்டருக்குத் திரை வேண்டும். லாட்ஜின் கூடத்தில் இருக்கும் டி.வி. தவிர வேறு டி.வி. இல்லை. அப்பா ஒப்புக்கொண்டார், நிபந்தனையோடு: வெள்ளிக்கிழமை பாட்டு, ஞாயிற்றுக்கிழமை சினிமா, இரண்டுக்கும் டி.வி. கூடத்தில் இருக்க வேண்டும். “அது இல்லைன்னா எந்தப் பார்ட்டியும் தங்க மாட்டான்.”

தூக்கிக்கொண்டு போனேன். செருகினேன். திருகினேன். இரைச்சல். இந்த டி.வி. பிடிக்கும் அலைவரிசையும் அந்தப் பெட்டி அனுப்பும் அலைவரிசையும் வேறு வேறு.

ஆகஸ்ட் 20

சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் அலைவரிசையை மாற்றித் தரும் ஒரு தகர டப்பி வாங்கி வந்தேன். மாலையில் திரை வெளுத்தது. அடியில் ஒரு வரி எழுத்து. உற்பத்தி செய்தவன் பெயர், வருடம்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ உள்ளே இருப்பது போல. (உருவகம் வேண்டாம்.)

ஆகஸ்ட் 21

கேசட்டைப் போட்டேன். கோடுகள். கீச்சொலி. பிழை.

ஆகஸ்ட் 25

பிழை. சத்தத்தைக் கூட்டினால் பிழை, குறைத்தால் பிழை. ஐந்து நிமிடம் ஓடிவிட்டு, முடியும் தறுவாயில் பிழை. முதலிலிருந்து சுற்று.

இங்கிருக்கும் டேப்ரெக்கார்டர் விடியற்காலைப் பக்திப் பாடலுக்கென்று வாங்கியது. அதற்கு நேர் எதிரே அப்பாவின் ஊதுவத்தி ஸ்டாண்டு.

அக்கா டீயோடு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

“இன்னாடா இது, நரி ஊளையிடற மாதிரி?”

“விளையாட்டு. சத்தமாத்தான் கேசட்ல இருக்கும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் புரிஞ்சிக்கணும்.”

“புரிஞ்சிக்குதா?”

“இல்லை.”

டேப்ரெக்கார்டரின் மூடியைத் திறந்து பார்த்தாள். கீழே போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தாள். அவள் துடைத்து எடுத்த பஞ்சு கறுப்பாக இருந்தது. விபூதி நிறத்திலும் கொஞ்சம்.

அப்புறமும் பிழைதான். ஆனால் அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உடனே போய்விடவில்லை.

ஆகஸ்ட் 30

எதற்காக இதை ஓட வைக்க முயல்கிறேன்? ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன், விட்டேன். கதைகள் எழுதினேன், பாதியில் நிற்கின்றன. எதையாவது ஒன்றை முடித்துப் பார்க்க வேண்டும். எது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

விதிப்புத்தகம் இரண்டு நாளாக மேசைமேல் இல்லை. அக்காவின் அறையில் பார்த்தேன், என் அகராதிக்குப் பக்கத்தில். பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள் அவளை.

செப்டம்பர் 3

ஓடிவிட்டது.

டேப்ரெக்கார்டரில் ஒரு சின்னத் திருகாணி. திருப்பினால் ஒலி கூர்மையாகும். நான் திருப்பினேன். அக்கா காதைக் கொடுத்துக் கேட்டு “இன்னும்... இன்னும்... போதும்” என்றாள். ஐந்து நிமிடம் இருவரும் மூச்சுவிடவில்லை. ஒலி நின்றது. பிழை வரவில்லை. ஏழு சிறிய கோபுரங்கள் திரையில்.

ஆனால் ஓடுவதற்கும் ஆடுவதற்கும் நடுவில் ஒரு காடு இருக்கிறது. எத்தனை பேர் ஆடுகிறீர்கள்? மற்ற அரசுகளைக் கம்ப்யூட்டர் நடத்தட்டுமா? பஞ்சம் உண்டா? கப்பம் யார் யாருக்கு? கேள்விமேல் கேள்வி. அக்கா புத்தகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னாள். முழுவதும் படித்துவிட்டிருக்கிறாள்.

எந்தக் கோட்டை என்று கேட்டது. மூலையில் இருந்த ஆகச் சின்னதைத் தொட்டுக் காட்டினாள்.

“அது கப்பம் கட்டற கோட்டைக்கா. பெரிசா எடு.”

“இதுக்குப் பக்கத்துல ஒருத்தன்தான் இருக்கான். சமாளிக்கலாம்.”

அப்புறம் திரையில் ஒரே ஒரு வரி. உன் கட்டளை என்ன? அதன் ஓரத்தில் துடித்துக்கொண்டே ஒரு சிறிய கட்டம்.

அவள் பொத்தான்களின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“எவ்ளோ நேரம் இது காத்துக்கினு இருக்கும்?”

“நீ சொல்ற வரைக்கும்.”

“சொல்லவே இல்லைன்னா?”

“இப்படியே இருக்கும்.”

“கோவம் வராதா அதுக்கு?” என்றாள். சிரிக்கவில்லை.

செப்டம்பர் 4

ஆட ஆரம்பிக்கும் முன்பே கரண்ட் போய்விட்டது. ஏழு கோட்டைகளும் போயின. மறுபடி நரி.

செப்டம்பர் 15

தினமும் மத்தியானம், அறைகளைப் பெருக்கி முடித்த பிறகு, ஒரு மணி நேரம் வருகிறாள். எப்போதும் அதே மூலைக் கோட்டை. ஒவ்வொரு பருவமும் கட்டளை கேட்கும்போது ‘நிலை தொடரட்டும்’ என்பதையே அழுத்துகிறாள். கப்பம் போகிறது. தானியம் குறைகிறது. மதில் இடிகிறது. நிலை தொடரட்டும்.

“ஏதாவது செய்யேன்க்கா. படை கேளு. கப்பத்தைக் குறைக்கச் சொல்லு.”

“பாத்துக்கினு இருக்கேன்.”

எதைப் பார்க்கிறாள்?

செப்டம்பர் 22

இன்று நான் செய்ததை எழுதியாக வேண்டும்.

மத்தியானம் அவள் கோட்டையில் பஞ்சம். வழக்கம்போல ‘நிலை தொடரட்டும்’ பக்கம் விரல் போயிற்று. எனக்குத் தாங்கவில்லை. கையை நீட்டிக் ‘கப்பம் மறு’ என்பதை அழுத்திவிட்டேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து அரசன் படையெடுத்தான். கோட்டை விழுந்தது.

“சரி” என்றாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் சாப்பிடும்போது அப்பா ஆரம்பித்தார். “போளூருக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாமா? நாம மொதல்ல போனா மரியாதையா இருக்கும்.”

“அக்கா அங்க போகமாட்டாப்பா” என்றேன். நான்தான். சத்தமாக.

அக்காதான் திரும்பினாள்.

“உன்னை யாருடா கேட்டா?”

“உனக்காகத்தான்—”

“எனக்காக அவரு ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்றே. போளூர்ல அவங்க ஒண்ணு சொல்றாங்க. எனக்கு வாய் இல்லையா?”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தோம். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் அவரைவிடப் புத்தகம் படித்தவன். இவ்வளவுதானா?

செப்டம்பர் 29

வரவில்லை.

அக்டோபர் 9

வரவில்லை. விளையாட்டை ஏற்றி, கட்டளை கேட்கும் இடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து வைக்கிறேன். தினமும். முட்டாள்தனம்தான்.

ஓட்டி ஓட்டி நாடா தேய்ந்துவிட்டது. நாலு தடவைக்கு ஒரு தடவைதான் ஏறுகிறது. அடியோடு போவதற்குள் ஒரு நகல் எடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 21

தேரடித் தெரு ஜானி பாஷாவிடம் கேசட்டைக் கொடுத்தேன். ஊருக்கே பாட்டுப் பதிவு செய்து தருகிறவர். தீபம் நெருங்குகிறது, கடை முழுக்கக் கேசட் குவியல், ஒலிபெருக்கிக்காரர்கள் வரிசை. “இதே மாதிரி இன்னொண்ணு வேணும் பாய்” என்றேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. “வெச்சிட்டுப் போங்க தம்பி” என்றார்.

அக்டோபர் 24

எழுதவே கை வரவில்லை.

ஜானி பாஷா கேசட்டைப் புதுப் பெட்டியில் போட்டு, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“உங்க கேசட்டைப் போட்டுப் பாத்தேன் தம்பி. ஒரே கீச்சு கீச்சு. பாட்டே இல்லை. யாரோ உங்களை ஏமாத்தி வித்துட்டான்.”

“பாய், அது—”

“கேளுங்க. அதுல ரெக்கார்ட் பண்ணாம இருக்க மேல ரெண்டு ஓட்டை வேற இருந்துச்சு. அதுல செல்லோடேப் ஒட்டி, ரெண்டு பக்கமும் நம்ம அண்ணாமலையார் பாட்டாப் போட்டுட்டேன். நல்ல பாட்டு. லாட்ஜுல காலைல வைங்க, பார்ட்டிங்க சந்தோஷப்படுவாங்க. காசெல்லாம் வேணாம். நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா ரூம் குடுத்தாரே.”

அங்கேயே நின்றேன். திட்டத் தோன்றவில்லை. அவருடைய எல்லா அவசரத்துக்கும் நடுவில் அந்த ஓட்டைகளை உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்.

“ரொம்பத் தேங்க்ஸ் பாய்” என்றேன்.

ஏழு கோட்டைகள் இனி இந்த ஊரில் இல்லை. அமெரிக்காவில் ராஜமாணிக்கத்திடமும் இல்லை.

அக்டோபர் 25

அக்காவிடம் சொன்னேன். அவளோடு பேச ஒரு காரணமாவது கிடைத்ததே என்று மாடிக்குப் போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

“அது மேலயே பாட்டு போட்டுட்டாரா?”

“ரெண்டு பக்கமும்.”

“ஓட்டையை வேற அடைச்சிட்டாரா?”

“செல்லோடேப் போட்டு.”

ஈரப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். எத்தனை நாளாயிற்று. “பாவம்டா பாய்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

“அன்னைக்கு நான் செஞ்சது தப்புக்கா” என்றேன்.

“ஆமா” என்றாள். போர்வையின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள். பிழிந்தோம்.

அப்புறம்: “கேசட்தானே போச்சு. புத்தகம் இருக்குல்ல?”

“புத்தகத்தை வெச்சிக்கினு?”

“அந்தக் கம்ப்யூட்டருக்கு நாமளா எழுதிச் சொல்ல முடியாதா? அதுக்கும் ஒரு புத்தகம் பெட்டியில கெடந்துதே.”

அக்டோபர் 31

கெடந்தது. கம்ப்யூட்டரின் சொந்தக் கையேடு. நான் பிரித்தே பார்க்காதது. வரிக்கு ஒரு எண் போட்டு, ஒவ்வொன்றாகக் கட்டளை எழுத வேண்டும். இப்படியானால் அப்படிச் செய். இல்லையென்றால் அங்கே போ. தர்க்க வகுப்பில் இரண்டு வருடம் படித்தது இதுதான். அங்கே ‘மனிதர் எல்லாம் சாவார்’ என்ற உதாரணத்தில் சாக்ரடீஸ் செத்துக்கொண்டே இருப்பார். இங்கே நெல் விளைகிறது.

முதலில் ஒரு கோட்டை. மழை வந்தால் தானியம் கூடும். மழை இல்லையென்றால் குறையும். ஓட்டினோம். கூடியது. குறைந்தது. நாங்கள் சொன்னபடி.

அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 8

மழை. லாட்ஜ் காலி. நாள் முழுக்க வேலை.

நான் பொத்தான் அடிக்கிறேன், விதிகள் அவளுடையவை. புத்தகத்தை அப்படியே எழுதலாம் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை.

“அதுல சின்னக் கோட்டைக்கு மூணே கட்டளைதான். கப்பம் கட்டு, கப்பம் மறு, நிலை தொடரட்டும். இது எந்த ஊர் நியாயம்? நடுவுல ஒண்ணுமே இல்லையா?”

“நடுவுல என்ன வேணும்?”

யோசித்தாள். “கேக்கறதுக்கு ஒண்ணு வேணும். எதுக்கு இவ்ளோ கப்பம்னு பக்கத்துக் கோட்டையைக் கேக்கணும். அவன் பதில் சொல்ற வரைக்கும் அடுத்த பருவம் வரக்கூடாது.”

“பெரிய ராஜா எதுக்குக்கா பதில் சொல்லப்போறான்?”

“சொல்லலைன்னா அவனுக்கும் வெள்ளாமை கெடையாது. நின்னுக்கினு இருக்கட்டும்.”

எழுதினேன்.

நவம்பர் 16

எழுதியதைப் பதிந்து வைக்கப் புதுக் கேசட் வாங்க ஜானி பாஷா கடைக்குப் போனேன். என்ன நடந்தது என்று அன்று சொல்லாமலே வந்துவிட்டேன்; இன்று முழுதும் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். “அல்லா. ராஜ்யத்தையே அழிச்சிட்டேனா?” நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. கிளம்பும்போது சொன்னார்: “இனிமே கீச்சுனு கேட்டா நான் தொடவே மாட்டேன் தம்பி. நாதஸ்வர கேசட் கொண்டாந்தாக்கூட யோசிச்சுட்டுத்தான் வாங்குவேன்.”

நவம்பர் 22

தீபத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இனி சுவர் தெரியும் அறைக்கும் போட்டி. ஒன்பதாம் அறையைக் காலிசெய்தோம். கம்ப்யூட்டர் அக்காவின் அலமாரியில், புடவைக்கு நடுவில்.

கோட்டைகள் மூன்று வரை முடிந்திருக்கின்றன.

“ஒன்பதை மாப்பிள்ளைக்குக் குடுத்துடலாம்” என்றார் அப்பா. அக்கா அந்த அறையைத் தானே கழுவினாள்.

நவம்பர் 27

நேற்று தீபம்.

மாமா காலையிலேயே வந்துவிட்டார். இளைத்திருந்தார். முன்பு இருந்ததைவிட என்னிடம் மரியாதையாகப் பேசினார். அது என்னைச் சங்கடப்படுத்தியது. கெட்ட மனிதர் என்று இத்தனை நாள் வசதியாக நினைத்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் மொட்டைமாடியில். தெரு முழுக்கத் தலைகள். மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே ஒரே குரலாயிற்று. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சத்தம் கொஞ்சம் அடங்கியது.

“நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கே கெளம்பிடலாமா லட்சுமி?” என்றார் மாமா.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள் அக்கா.

“கேளு.”

“அத்தையைப் பாத்துக்க ஆள் வேணும்னு கூப்பிடறீங்களா, நான் வேணும்னு கூப்பிடறீங்களா?”

“லட்சுமி” என்றார் அப்பா. “நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது?”

“நீங்க இருங்கப்பா. அவரு சொல்லட்டும்.”

என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். இந்த வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

“ரெண்டும்தான்” என்றார் மாமா.

“எது மொதல்ல?”

அவர் மலையைப் பார்த்தார். கீழே யாரோ குழந்தையைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“தெரியலை லட்சுமி.”

“அவசரமில்லை. தெரிஞ்சப்பறம் வந்து சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

இன்று காலை அவர் தனியாகவே பஸ் ஏறினார். அப்பா அக்காவோடு பேசவில்லை. என்னோடும்.

டிசம்பர் 5

அப்பா இன்னும் பேசவில்லை. ஒன்பதாம் அறை காலி. கம்ப்யூட்டரைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். நாலாவது கோட்டை.

டிசம்பர் 19

மாமா வந்தார். திருவிழா இல்லை, வேறு வேலை இல்லை. பதில் சொல்ல மட்டும் வந்திருக்கிறார்.

கூடத்தில் நின்றபடியே சொன்னார். “அம்மாவுக்காகத்தான் அன்னைக்குக் கூப்பிட வந்தேன். பொய் சொல்ல மனசு வரலை. அம்மா உன்னையே கேட்டுக்கினு இருக்குது. அதுவும் நெசம்.”

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. இதைவிட ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்று அவர் நினைத்திருப்பார். அக்காவின் முகம் அப்படியில்லை. பாரம் ஒன்றைக் கீழே வைத்தது போல.

“சரி. இப்ப தெரிஞ்சுபோச்சு” என்றாள். “ஒக்காருங்க. காபி குடிங்க.”

உள்ளே போனாள். வரும்போது கையில் காபி, தோளில் பை.

“அத்தை என்னை நல்லாத்தான் வெச்சிருந்தாங்க. அவங்களுக்காக வரேன். அவங்க எழுந்து ஒக்கார்ற வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள மாசச் சம்பளத்துக்கு ஒரு ஆள் பாத்துடுங்க. போகிக்கு நான் இங்க இருக்கணும்.”

“வாழப் போறவ திரும்பி வர்றேன்னு சொல்லிட்டா போவா?” என்றார் அப்பா. “ஊர்ல இன்னா பேசுவாங்க?”

“வந்தப்பறம் கேட்டுக்கலாம்பா.”

வாசலில் என்னிடம் திரும்பினாள். “அஞ்சாவது கோட்டையில கப்பக் கணக்கு தப்பா வருது. பாரு.”

டிசம்பர் 20

வருவாளா?

அங்கே வீடு இருக்கிறது, கணவன் இருக்கிறார், அவளையே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு அம்மா இருக்கிறார். அவள் சொன்னபடி செய்வாள் என்று நம்புகிறேனா, அல்லது என் விளையாட்டுத் துணை போய்விடக்கூடாது என்று விரும்புகிறேனா? இரண்டும்தான். எது முதலில்?

தெரியவில்லை என்று எழுதவே கூசுகிறது.

டிசம்பர் 28

கப்பக் கணக்கு சரியாயிற்று. ஐந்து, ஆறு, ஏழு. எல்லாக் கோட்டைகளும் நிற்கின்றன. முழுவதுமாக ஓட்டிப் பார்த்தேன். நின்றுவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. இரண்டு கோட்டைகள் ஒரே பருவத்தில் ஒன்றையொன்று கேள்வி கேட்டுவிட்டால், இரண்டும் மற்றதன் பதிலுக்குக் காத்திருக்கின்றன. பருவம் நகர்வதில்லை. எதுவும் நகர்வதில்லை.

விதி அவளுடையது. நானாக மாற்றக்கூடாது.

ஜனவரி 4, 1986

அப்பா ஒன்பதாம் அறைக்கு வந்தார். பெட்ஷீட் எண்ண வந்தது போல. எண்ணி முடித்தும் போகவில்லை.

“ரெண்டு பேரும் நாளெல்லாம் இங்க இன்னாதான் செஞ்சீங்க?”

காட்டினேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நடுவில் இருந்த பெரிய கோட்டையை எடுத்துக்கொண்டார், எதிர்பார்த்ததுதான். விதைத்தார். மதில் கட்டினார். மழை நன்றாகப் பெய்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பக்கத்துல மூலையில இருக்கே, அது யாருது?”

“அது எப்பவும் அக்கா எடுக்கறது.”

“இப்ப யாரு பாக்கறாங்க?”

“இப்ப கம்ப்யூட்டரே பாத்துக்கும். நீங்க கப்பம் வசூல் பண்ணலாம்.”

கட்டளை என்ன என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா கைகளைக் கட்டிக்கொண்டார்.

“வாணாம். அவ வரட்டும்.”

எழுந்து போய்விட்டார். பெட்ஷீட்டை மறந்துவிட்டு.

ஜனவரி 9

தகவல் இல்லை. அப்பாவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை, ஆனால் பேசிக்கொள்கிறோம். சாம்பாரில் உப்பு கம்மி என்றார் இன்று. நான் வைத்த சாம்பார்.

ஜனவரி 13

போகி. காலையில் தெருவெல்லாம் புகை.

பத்து மணிக்கு அப்பா கரும்பு பார்க்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். வெறும் கையோடு வந்தார். சாப்பிட்டதும் மஞ்சள் கொத்துக்காகப் போனார். இரண்டும் எங்கள் லாட்ஜ் வாசலிலேயே விற்கிறார்கள்.

மூன்று மணிக்கு அவர் மறுபடி செருப்பைத் தேடியபோது நானும் கூடவே கிளம்பினேன். “நீ எதுக்கு?” என்றார். “சும்மாதான்” என்றேன். இருவரும் போளூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில், பஸ்ஸைப் பார்க்காதவர்கள் போல நின்றோம். ஒன்று வந்தது. கூட்டம் இறங்கியது. கடைசி ஆள் வரை பார்த்தோம். அடுத்தது வந்தது.

“லேட்டா ஆகிடுச்சுன்னா நாளைக்கு வருவா” என்றார் அப்பா. என்னிடம் இல்லை.

“நாளைக்கு வருவாப்பா.”

“இல்லைன்னா நானே போய்க் கூட்டிக்கினு வந்துடறேன்.”

மூன்றாவது பஸ்ஸின் முன்வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பை, மறு கையில் வாழைத்தார், கண்டக்டரோடு ஏதோ வாக்குவாதம். இறங்கினாள். எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“ரெண்டு பேரும் இங்க இன்னா பண்றீங்க?”

“கரும்பு வாங்க வந்தோம்” என்றார் அப்பா.

அவள் எங்கள் வெறும் கைகளைப் பார்த்தாள்.

“அத்தை எழுந்து ஒக்காந்துட்டாங்க. கோல் ஊனி வாசல் வரைக்கும் வர்றாங்க. ஆள் கெடைச்சுது, நல்ல பொம்பளை” என்றாள். வாழைத்தாரை என்னிடம் தள்ளினாள். “அவரு குடுத்து அனுப்பினாரு. இனிமே இன்னானு கேட்டாரு. அம்மா நல்லா நடக்கட்டும், அப்பால நீங்க இங்க வந்து கேளுங்கனு சொன்னேன்.”

“கேட்டா?” என்றேன்.

“கேட்டா சொல்றேன். அப்ப என்ன தோணுதோ.” அப்புறம்: “ஓடுதா?”

“ஓடுது. ரெண்டு பேரு ஒரே நேரத்துல கேட்டுக்கினா நின்னுடுது.”

யோசிக்கவே இல்லை அவள். பஸ்ஸிலேயே யோசித்திருக்க வேண்டும். அல்லது போளூரில், தினமும். “பெரிய கோட்டை மொதல்ல பதில் சொல்லட்டும்.”

“அது எப்படி?” என்றார் அப்பா. “பெரிய கோட்டைன்னா அதுக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க ஆடினீங்களா?”

“சும்மா ஒரு தடவை. மழை நல்லாப் பேஞ்சுது” என்றார் அப்பா. அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

இருவரும் முன்னால் நடந்தார்கள். பெரிய கோட்டை ஏன் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று தேரடி வரைக்கும் வாதம். அப்பா நடுவில் நின்று கைகளை விரித்துக் காட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி நடந்தார்கள். வாழைத்தாரைத் தோளில் மாற்றிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். கனமாக இருந்தது. வேகமாகப் போகச் சொல்லத் தோன்றவில்லை.